ஏ பிரிவுக்குச் சொல்லாமல் விட்டது

பஞ்சு டீச்சர் அன்று கேள்விப் பெட்டியைத் திறந்தபோது மணி இரண்டு இருபது.

உண்மையில் அவள் பள்ளியின் நர்ஸ். முழங்கால் சிராய்த்தாலும் பஞ்சு, மூக்கில் ரத்தம் வந்தாலும் பஞ்சு, பரீட்சைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கை முதலில் பஞ்சு டப்பாவுக்கே போகும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு உடல் வளர்ச்சிப் பாடம் எடுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. வேறு யாரும் எடுக்க முன்வரவில்லை. அறிவியல் டீச்சருக்கு அந்தப் பக்கம் வந்தாலே தொண்டை கட்டிவிடும்.

எட்டாம் வகுப்பு வராந்தாவில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றை மாட்டியது அவள்தான். "என்ன வேணும்னாலும் கேளுங்க, பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க முயற்சிகூடப் பண்ண மாட்டேன்" என்று மூன்று பிரிவுகளிலும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று நான்கு சீட்டுகள் இருந்தன. பருவைக் கிள்ளினால் குழி விழுமா என்று ஒன்று. குரல் உடைந்துவிட்டது, பாட்டுக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள், எப்போது சரியாகும் என்று ஒன்று. பஞ்சு டீச்சருக்குக் காதல் கல்யாணமா என்று ஒன்று. சிரித்துக்கொண்டே நான்காவதைப் பிரித்தாள்.

"வயித்துல குழந்தை இருந்தா அது கரையறதுக்கு நெட்ல ஒருத்தர் சொன்ன ரெண்டையும் கலந்து வச்சிருக்கேன். எவ்வளவு குடிக்கணும்னு அதுல போடல. சாயங்காலம் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்குள்ள பதில் சொல்லுங்க டீச்சர்."

அடியில் அந்த இரண்டு பொருள்களின் பெயரும் எழுதியிருந்தது. எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடியவைதான். சேர்த்துக் குடித்தால் தொண்டையிலிருந்து குடல் வரை வெந்துபோகும். எழுத்தெல்லாம் தனித்தனியாக, அச்சுக் கோத்ததுபோல இருந்தது. அடையாளம் தெரியக் கூடாது என்று மெனக்கெட்டு எழுதிய எழுத்து.

பள்ளி விடுவது மூன்று நாற்பதுக்கு.

தலைமையாசிரியை அம்மா சீட்டை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உடனே துணைத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கணக்கு வாத்தியார். கையில் எப்போதும் இருக்கும் ஓரடி ஸ்கேலால் அவருக்கு அளவுகோல் என்றே பெயர்.

"மூணு செக்‌ஷன் நோட்டையும் வாங்கி, கையெழுத்தை ஒத்துப் பார்த்துடுவோம்" என்றார் அளவுகோல்.

"நூத்திப் பதினெட்டு பிள்ளைங்க சார். ஒத்துப் பார்த்து முடிக்கறதுக்குள்ள பஸ் கிளம்பிடும். அதோட, நோட்டு வாங்கறோம்னு தெரிஞ்சாலே அந்தப் பிள்ளை பயந்து அங்கேயே குடிச்சிட்டா?"

"பின்ன என்னதான் பண்ணலாம்கறீங்க?"

"மூணு கிளாஸுக்கும் இப்பவே போறேன். கரு எப்படி உண்டாகுதுன்னு நேரா சொல்றேன். குடிக்காதேன்னும் சொல்றேன்."

அந்தப் பாடம்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. போன வாரம் எடுத்திருக்க வேண்டியது. பெற்றோர் சங்கத் தலைவரான டைல்ஸ் கடைக்காரர் அதை எதிர்த்து நாற்பது கையெழுத்தோடு வந்து நின்றதால், வெள்ளிக்கிழமைப் பெற்றோர் கூட்டம் முடியும்வரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை என்பது நாளை.

"போங்க. ஆனா பாடம் வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை. "எழுதினவங்க வந்து உங்களைப் பார்க்கணும், பயப்பட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடப் போச்சுன்னா நாளைக்கு நான் பதில் சொல்ல முடியாது."

ஏ பிரிவில் அவள் அப்படியே சொன்னாள். "இன்னிக்கு ஒருத்தர் முக்கியமான கேள்வி ஒண்ணு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு எதையும் குடிக்காதீங்க. என் ரூமுக்கு வாங்க. திட்ட மாட்டேன்." நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன. பின் வரிசையில் ஒருவன், "என்ன கேள்வி டீச்சர்?" என்றான். வாயைத் திறந்தாள். தலைமையாசிரியையின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

வராந்தாவில் நடக்கும்போதே அவளுக்கு உறைத்தது. பயந்துபோயிருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, பயப்படாமல் என்னிடம் வா என்று சொன்னால் எப்படி வரும்? பயத்தில் ஒரு முடிச்சையாவது அவிழ்க்க வேண்டாமா? நாளைக்கு வேலை போனால் போகிறது என்று நினைத்துக்கொண்டே பி பிரிவுக்குள் நுழைந்தாள்.

"எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க. தொட்டா குழந்தை வராது. கட்டிப் பிடிச்சா வராது. முத்தம் கொடுத்தா வராது. ஒரே துண்டால துடைச்சாலோ, ஒரே நீச்சல் குளத்துல குளிச்சாலோ வராது."

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆணின் விந்தணு பெண்ணின் கருமுட்டையோடு சேர்ந்தால்தான் கரு. அதற்கு உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதிச் சொன்னாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"மாதவிடாய் ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷம் முன்ன பின்ன வரும். ரெண்டு மாசம் வராமலும் போகும். அதை வச்சே கர்ப்பம்னு முடிவு கட்டக்கூடாது. ஒருவேளை நிஜமாவே யாராவது உங்களை ஏதாவது பண்ணியிருந்தா, அது உங்க தப்பில்ல. டாக்டர் இருக்காங்க, நான் இருக்கேன். நெட்ல சொல்ற எதைக் குடிச்சாலும் குழந்தை கரையாது, உங்க குடல்தான் கரையும். என் ரூமுக்கு வாங்க. யாராவது கேட்டா தலைவலின்னு சொல்லிக்குங்க."

மணி மூன்று ஆகியிருந்தது. சி பிரிவில் அளவுகோல் கணக்குத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். கதவிலேயே மறித்தார்.

"நீங்க பி செக்‌ஷன்ல பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. மேடம் என்ன சொல்லி அனுப்பினாங்க, நீங்க என்ன பண்றீங்க?"

"சார், வழி விடுங்க."

"எழுத்துல அனுமதி வாங்கிட்டு வாங்க."

தலைமையாசிரியையின் அறை பூட்டியிருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து கீழே போயிருக்கிறார் என்றாள் எழுத்தர். பஞ்சு டீச்சர் கீழே ஓடினாள், காணவில்லை, மேலே ஏறினாள். மூன்று பதினெட்டு. சி பிரிவின் கதவருகே அளவுகோல் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு. அதுக்கென்ன?"

"அவ இதுல உட்கார்ந்திருந்தா எழுத்துல அனுமதி கேப்பீங்களா?"

அவர் ஸ்கேலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "எல்லாரும் பேப்பரைக் கவுத்துப் போடுங்க" என்றார். அவள் பேசி முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார், வெளியே போகவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

ஏ பிரிவு! அவர்களுக்கு விஷயத்தையே சொல்லவில்லை. பஞ்சு டீச்சர் வராந்தாவில் ஓடினாள். எதிரே கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஏ பிரிவு அறைக்குள் எட்டிப் பார்த்தால் கவிழ்த்து வைத்த நாற்காலிகள் மட்டும் இருந்தன. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். நாற்பதைத் தாண்டிய முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது.

வாசலில் மூன்று பள்ளிப் பேருந்துகள் இன்ஜினை ஓடவிட்டு நின்றன. வேலிக்கு வெளியே, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள். யாரென்று தேடுவது? எல்லா முகங்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. பசி, அசதி, வீட்டுக்குப் போகும் அவசரம். முதல் பேருந்து நகர ஆரம்பித்தது. அவள் நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள்.

"என்னம்மா, சாகவா வந்தே?" என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம். எட்டு ஏ பிள்ளைங்க எல்லாம் இறங்குங்க! நடந்து போறவங்களும் வாங்க! சீக்கிரம்!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, இறங்கினார்கள். வேலியோரம் அவளைச் சுற்றி ஒரு வட்டம் கூடியது. சத்தம் கேட்டுப் பெற்றோர்களும் நெருங்கினார்கள். தன் மகனின் பையைத் தோளில் மாட்டியபடி டைல்ஸ் கடைக்காரரும் வந்து நின்றார். பஞ்சு டீச்சர் அவரைப் பார்த்தாள். ஆனாலும் தொடங்கினாள். தொட்டால் வராது. கட்டிப் பிடித்தால் வராது. பி பிரிவில் சொன்ன ஒவ்வொன்றையும், ஒரு வார்த்தை குறைக்காமல், நடுத்தெருவில் நின்று உரக்கச் சொன்னாள்.

"என்னங்க இது அசிங்கம்!" என்றார் டைல்ஸ் கடைக்காரர். "ரோட்டுல நின்னு பிள்ளைங்ககிட்டப் பேசற பேச்சா? டேய், வாடா இங்க!"

யாரோ கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு தாய் தன் மகளின் காதைப் பொத்தினாள். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் கலைந்தார்கள். பஞ்சு டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் வரவில்லை. முதல் பேருந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது பேருந்தின் படியில் ஒரு கால் வைத்தபடி ஒரு பெண் தயங்கிக்கொண்டிருந்தாள். வாலிபால் குழுவில் ஆடுபவள். வகுப்பிலேயே உயரம், அதனால் நெட்டை. பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். படியிலிருந்து காலை எடுத்துவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"எனக்குத் தலைவலி டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பி செக்‌ஷனுக்கெல்லாம் மத்தியானமே சொன்னீங்களாம். எங்களுக்கு ஏன் டீச்சர் சொல்லல?"

பஞ்சு டீச்சர் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

மருத்துவ அறை வாசலில் பி பிரிவும் சி பிரிவுமாக ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "தலைவலி டீச்சர்" என்று ஒருவன் ஆரம்பிக்க, எல்லோருக்கும் தலைவலிதான். "நாளைக்கு உங்க எல்லாருக்கும் மாத்திரை உண்டு, இப்ப ஓடுங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நெட்டையின் பையில், விளையாட்டுச் சட்டைக்குள் சுருட்டி, ஒரு பாட்டில் இருந்தது. வீட்டில் வைத்தால் அம்மா பார்த்துவிடுவாள் என்று கூடவே கொண்டுவந்திருக்கிறாள்.

"குடிச்சியா கண்ணு? ஒரு சொட்டாவது?"

"இல்ல. மோந்து பார்த்தேன். எரிஞ்சுது."

பஞ்சு டீச்சர் அவள் வாயை விளக்கடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பாட்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

நெட்டை சொன்னது இவ்வளவுதான். இரண்டரை மாதத்துக்கு முன்னால் வெளியூரில் ஆட்டம். ஜெயித்த சந்தோஷத்தில் பையன்கள் குழுவின் கேப்டன் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

"வேற எதுவும் நடக்கலையே? யாரும் தனியாக் கூட்டிட்டுப் போகலையே? எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

"இல்ல டீச்சர். சத்தியமா அவ்வளவுதான்."

"அப்ப கர்ப்பம்னு எப்படி நினைச்சே?"

"அம்மாதான் சொன்னாங்க. நான் பெரியவளான அன்னிக்கு. இனிமே எந்த ஆம்பளையும் மேல கை வைக்கக்கூடாது, தொட்டாலே வயித்துல வந்துடும்னு." அவள் விரல்களைப் பிசைந்தாள். "அப்படி வந்தா என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னும் சொன்னாங்க."

நெட்டையின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவள். பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. டிப்போவில் ஒப்படைத்துவிட்டு, சீருடை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, ஐந்து மணிக்கு வந்தாள். பஞ்சு டீச்சர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"எம் பொண்ணைப் பத்தி என்ன பேசறீங்க? இந்தப் பாடமெல்லாம் நடத்தித்தானே அவ மண்டையில இதெல்லாம் ஏறுது!"

"பாடம் நடத்தல. நடத்தியிருந்தா இதைக் கலந்திருக்க மாட்டா." அலமாரியைத் திறந்து பாட்டிலைக் காட்டினாள்.

அந்த அம்மா மூடியைத் திறந்து மோந்தாள். உடனே மூடினாள். மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"பயமுறுத்தி வச்சா பத்திரமா இருப்பான்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. கல்யாணமாகற வரைக்கும் நானும் அதைத்தான் நம்பினேன்." பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அத்தனை உயரமான பெண் அந்த மடியில் அடங்கவில்லை. கால்கள் தரையில் நீண்டு கிடந்தன.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. வாசலில் எடுத்த படம் எல்லோர் கைப்பேசிக்கும் போயிருந்தது. டைல்ஸ் கடைக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினார். உத்தரவை மீறி, ரோட்டில் நின்று, பிஞ்சு மனசில் நஞ்சு என்றார்.

"ஏன் மீறினீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார். காரணம் அவருக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தில் கேட்டாக வேண்டும்.

பஞ்சு டீச்சர் எழுந்தாள். "ஒரு பிள்ளை ஆபத்துல இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கு. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

"யாரோட பிள்ளை?"

"சொல்ல மாட்டேன்."

"ஆம்பளப் பிள்ளையா, பொண்ணா?"

"சொல்ல மாட்டேன்."

மண்டபம் சலசலத்தது. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். "எந்த செக்‌ஷன்?" என்றது ஒரு குரல். "எங்க வீட்டுப் பிள்ளையான்னாவது சொல்லித் தொலைங்க!" என்று ஒரு தாய் அழுகிற குரலில் கத்தினாள். "ஒரு கதையைக் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கறாங்க" என்றார் டைல்ஸ் கடைக்காரர். பஞ்சு டீச்சர் பார்வையை மேசை விளிம்பிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். மூன்றாவது வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தவள் பக்கம் தவறிக்கூடக் கண் போய்விடக் கூடாது. வேலைநீக்கம் என்ற சொல் எங்கிருந்தோ வந்தது. யாரோ கை தட்டினார்கள்.

அந்தச் சீருடை எழுந்தது.

"நான் பஸ் ஓட்டறவ. மேடைப் பேச்செல்லாம் வராது" என்றாள். "அது யார் பிள்ளைன்னு எல்லாரும் தேடறோம். நான் வேற ஒண்ணு கேக்கறேன். தொட்டாலே குழந்தை வந்துடும்னு எம் பொண்ணுகிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன். பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். இங்க வேற யாரெல்லாம் அப்படிச் சொன்னீங்க? கையைத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் இப்படியே போனால், தனியாக நிற்கும் இவள்தான் அந்தத் தாய் என்று மண்டபம் முழுக்கக் கணக்குப் போட்டுவிடும்.

அப்போது முன் வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. டைல்ஸ் கடைக்காரரின் மனைவி கையைத் தூக்கியிருந்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் அவர். ஒலிபெருக்கி அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"சும்மா இருங்க. பெரியவகிட்ட நான் அதைத்தான் சொன்னேன். நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. பின்னால் ஒரு கை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. தகப்பன்மார் சிலரும் காது மட்டத்துக்குக் கையைக் கொண்டுபோய்ச் சொறிவதுபோல வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் ஏழு மணிவரை நீண்டது. எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. பன்னிரண்டு பேர் தங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாடம் நடக்கும், ஆனால் முதலில் பெற்றோர்களுக்கு ஒரு தடவை என்று முடிவாயிற்று. பஞ்சு டீச்சருக்கு உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் திங்கட்கிழமை வந்தது. தலைமையாசிரியையே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். "ஃபைலுக்கு ஒண்ணு வேணும்மா" என்றவர், கிளம்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். "முழுசா சொல்லுங்கன்னு உங்களை நானே அனுப்பியிருக்கணும்."

அந்த வாரச் சனிக்கிழமை காலை, எட்டு ஏ பிரிவின் சின்ன நாற்காலிகளில் முப்பத்தொரு பெற்றோர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டைல்ஸ் கடைக்காரரும் வந்திருந்தார். என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கண்காணிக்க வந்திருப்பதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை சொன்னார். நெட்டையின் அம்மா முதல் வரிசையில் இருந்தாள்.

"வீட்ல இதை எப்படி ஆரம்பிக்கறது?" என்று ஒருவர் கேட்டார். "முதல் வார்த்தையே வர மாட்டேங்குது."

"முன்ன சொன்னது தப்புன்னு ஆரம்பிங்க" என்றாள் பஞ்சு டீச்சர்.

"நான் ஆரம்பிச்சுட்டேன்" என்றாள் நெட்டையின் அம்மா. "முதல்ல அழுதா. அப்புறம் பதினோரு கேள்வி கேட்டா. எனக்கு ரெண்டுக்குத்தான் பதில் தெரிஞ்சுது." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "மீதி ஒன்பதையும் எழுதிக் கொண்டாந்திருக்கேன். படிக்கட்டுமா?"

"படிங்க."

அவள் முதல் கேள்வியைப் படித்தாள். டைல்ஸ் கடைக்காரர் சரியாகக் காதில் விழவில்லை என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.